இரும்பு ஹெட் தேடுகிறவர்களுக்கு



மிச்சிகன், ஒஹையோ, டெக்சஸ் என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கிறீர்கள். பகலில் கம்ப்யூட்டர் வேலை, ராத்திரியில் கராஜ். 1969 நோவாவோ கமாரோவோ வாங்கி, எஞ்சினை இறக்கி ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் உங்களில் நிறையப் பேர். இண்டியானாவில் ஒரு மெஷின் ஷாப்பில் சிலிண்டர் ஹெட் வேலை பார்க்கிறவன் தமிழன் என்று தெரிந்ததும் எனக்கு வருகிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, ஸ்மால் பிளாக்குக்கு எந்த இரும்பு ஹெட் பெஸ்ட்?" தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலிக்கிறது. எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

எந்த வகுப்பில் ஓடப் போகிறீர்கள் என்று சொல்லாமல் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அதைச் சொன்னீர்களானால் பாதிப் பதிலை விதிப்புத்தகமே சொல்லிவிடும். நான் பார்த்தவரை ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஹெட், அப்புறம் கேம், அப்புறம் மேனிஃபோல்டு. எல்லாம் வாங்கிப் பூட்டிய பிறகுதான் 'இது எந்த வகுப்பில் செல்லும்?' என்று விசாரிக்கிறார்கள். அநேகமாக எதிலும் செல்லாது.

ஊர் டிராக்கில் சனிக்கிழமை சாயங்காலம் பிராக்கெட் ஓடினால் போதும் என்றால் இந்த மடலை இங்கேயே மூடிவிடலாம். அங்கே ஹெட் இரும்பா அலுமினியமா என்று யாரும் கேட்கப் போவதில்லை. எத்தனை வினாடியில் ஓடுவேன் என்று கண்ணாடியில் எழுதுகிறீர்கள். அதற்குக் கிட்டத்தில் ஓட வேண்டும், அதைவிட வேகமாக ஓடிவிடக் கூடாது. அவ்வளவுதான். அதற்கு நல்ல அலுமினிய ஹெட் ஒன்றைப் புதிதாக வாங்கிப் பூட்டுவது மலிவு, எடை குறைவு, தலைவலியும் குறைவு. ஐம்பது வருஷத்துப் பழைய இரும்பைத் தேடி அலைய ஒரு காரணமும் கிடையாது.

காரணம் இருக்கிற இடம் ஸ்டாக் எலிமினேட்டர். வாலி பார்க்ஸ் 1951-இல் தொடங்கிய டிராக் ரேஸ் சங்கமான என்எச்ஆர்ஏ-வில் தொழிற்சாலைக் கார்கள் தொழிற்சாலை உறுப்புகளோடு ஓடுகிற வகுப்பு அது. காரின் எடையை எஞ்சினுக்கு என்எச்ஆர்ஏ வைத்திருக்கிற குதிரைத்திறனால் வகுத்தால் அதற்குள் எந்த உட்பிரிவு என்று வந்துவிடும். அந்தக் குதிரைத்திறன் விளம்பரத்தில் வந்த எண்ணாகவே இருக்க வேண்டியதில்லை. ஒரு எஞ்சின் அளவுக்கு மீறி வேகமாக ஓடினால் எண்ணை ஏற்றிவிடுவார்கள். இன்றைக்கு ஸ்டாக்கில் புதிய கோப்ரா ஜெட் மஸ்டாங்கும் கோப்போ கமாரோவும்கூட ஓடுகின்றன. அவற்றில் அலுமினிய ஹெட். ஆனால் அறுபது, எழுபதுகளின் கார்கள் பெரும்பாலும் இரும்பு ஹெட்டோடு பிறந்தவை, இரும்போடுதான் ஓட வேண்டும். மிச்சிகனில் இருக்கிறவர்களுக்கு ஸ்டான்டன் ஊரில் மிட்-மிச்சிகன் மோட்டார்பிளெக்ஸ் தெரிந்திருக்கும். அங்கே நடக்கிற ப்யூர் ஸ்டாக் பந்தயமும் இதே மனப்பாங்குதான்: கார் எப்படி ஷோரூமை விட்டு வந்ததோ அதை ஒட்டியே இருக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்டாக்கில் செவ்ரலே என்று ஒரு எஞ்சின் கிடையாது, 350 என்றும் ஒரு எஞ்சின் கிடையாது. இருப்பது '1969, 350 கன அங்குலம், 300 குதிரைத்திறன்' போன்ற ஒரு சேர்க்கை. அந்தச் சேர்க்கைக்கு எந்தெந்த காஸ்டிங் எண்ணுள்ள ஹெட் செல்லும், வால்வு விட்டம் எவ்வளவு, எரிகலன் குறைந்தபட்சம் எத்தனை சிசி, கேம் எவ்வளவு தூக்கலாம் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். முதலில் தேட வேண்டியது அந்தத் தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கார்லைல், மௌல்ட்ரி மாதிரிப் பழைய உறுப்புச் சந்தைகளுக்குப் போக வேண்டும். சேர்க்கைக்குச் சேர்க்கை, அங்கீகரித்த மாற்று ஹெட்கள் என்று ஒரு பட்டியலும் உண்டு. பழைய காஸ்டிங்குகள் வெடித்து, தேய்ந்து, குப்பைக்குப் போய் அருகிக்கொண்டே வருவதால் வந்த ஏற்பாடு அது. சில பெரியவர்கள் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. உங்கள் சேர்க்கைக்கு மாற்று இருந்தால் வெட்கப்படாமல் வாங்குங்கள்.

மாற்று இல்லையென்றால் பழசுதான். அதற்கு எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்.

ஸ்மால் பிளாக் செவ்ரலே ஹெட்டின் வெளி முனையில் ஒரு அடையாளம் வார்த்திருக்கும். இரட்டைத் திமில் இருந்தால் 'கேமல் ஹம்ப்' என்று கூவி விற்பார்கள். தூரத்திலிருந்து பார்த்து ஆசைப்படத்தான் அந்த அடையாளம். ஒரே திமிலோடு பல எண்கள் வந்திருக்கின்றன. உண்மையான எண் வால்வு கவருக்கு அடியில், ராக்கர்களுக்கு நடுவே மேடாக வார்த்திருக்கும். 3782461 என்றால் பேச்சில் '461'. 1962-இல் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கொர்வெட்டில் வந்ததால் 'ஃபியூலி' என்ற பெயர் அதற்கு. 3890462 என்றால் '462'. 3927186 என்றால் '186'. 1969-இலிருந்து வந்த இந்த 186-இன் முனையில் ஆல்டர்னேட்டர் வகையறாக்களைப் பூட்டத் துளை இருக்கும், முந்தையவற்றில் இருக்காது. பக்கத்திலேயே தேதியும் இருக்கும். ஒரு எழுத்து, ஓரிரு இலக்கம், கடைசியில் ஒரு இலக்கம். 'சி 14 7' என்றால் மார்ச் 14, ஏழில் முடியும் வருஷம். ஐம்பத்தேழா அறுபத்தேழா என்பதைக் காஸ்டிங் எண்ணை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். கவரைக் கழற்றவிடாத வியாபாரியிடம் வாங்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க ஒரு கம்பி பிரஷ்ஷும் டார்ச்சும் கொண்டு போங்கள். எண் இருக்கும் இடத்தைச் சுற்றி கிரைண்டர் பட்ட தடம் இருந்தால் மறுபேச்சு இல்லாமல் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

எண் சரியாக இருந்துவிட்டால் பணத்தை எடுக்கலாம் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். அதே 186 காஸ்டிங் 1.94 அங்குல இன்டேக் வால்வோடும் வந்தது, 2.02 வால்வோடும் வந்தது. 461-உம் 462-உம் அப்படியே. நீங்கள் ஓட நினைக்கும் 300 குதிரைத்திறன் 350-க்கு 1.94 தான். ஆனால் எழுபதுகளில் தெருவில் ஓட்டிய பையன்கள் எல்லோரும் '2.02 பெரிசு, அதனால் நல்லது' என்று வெட்டித் தள்ளியிருக்கிறார்கள். வெட்டிய தொண்டை திரும்ப வளராது. விற்கிறவர் '2.02 போட்டிருக்கு சார்' என்று பெருமையோடு சொன்னால் உங்களுக்கு அது கெட்ட செய்தி. வால்வைக் கழற்றி காலிப்பரில் அளந்து பாருங்கள்.

வோர்டெக் ஹெட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாராவாரம் யாராவது கேட்கிறீர்கள். 1996-இலிருந்து லாரிகளில் வந்த எல்31 350-இன் ஹெட், 906 அல்லது 062 காஸ்டிங். செவ்ரலே ஸ்மால் பிளாக்குக்குத் தொழிற்சாலை வார்த்த சாதாரண இரும்பு ஹெட்களில் கையே வைக்காமல் நன்றாக மூச்சு விடுவது அதுதான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. சும்மா ஒரு 350-இல் போட்டாலும் வித்தியாசம் தெரியும். ஆனால் 1969 நோவாவுக்கு ஸ்டாக்கில் அது செல்லாது. 'எந்தத் தொழிற்சாலை இரும்பு ஹெட்டும் போடலாம்' என்று எழுதியிருக்கிற உள்ளூர் வகுப்பில் ஓடுகிறீர்களா, வோர்டெக் வாங்குங்கள். அப்போதும் மூன்றைக் கவனியுங்கள். இன்டேக் மேனிஃபோல்டு பழையது பொருந்தாது, பன்னிரண்டு போல்ட்டுக்குப் பதில் எட்டுதான், அவை நிற்கிற கோணமும் வேறு. ராக்கர் தானாகவே வால்வு முனையைப் பிடித்துக்கொள்கிற ரகம். கேம் தூக்கு 0.460 அங்குலத்தைத் தாண்டினால் ரிட்டெய்னர் கைடு சீலில் போய் இடிக்கும், அதற்குக் கைடை வெட்ட வேண்டிவரும்.

இப்போது மூச்சு விடுகிற கதை. இதில்தான் அதிகம் பணம் விரயமாகிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

விளம்பரங்களில் ஃப்ளோ பெஞ்ச் எண்கள் பார்த்திருப்பீர்கள்: 0.600 அங்குலத் தூக்கில் இத்தனை சிஎஃப்எம். ஸ்டாக்கில் கேமின் தூக்கு தொழிற்சாலை எண்ணைத் தாண்டக் கூடாது. வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது மட்டும் உங்கள் விருப்பம். 1969-இன் 300 குதிரைத்திறன் 350-இல் இன்டேக் தூக்கு 0.390 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.410. உங்கள் வால்வு வாழ்நாளில் 0.600-ஐப் பார்க்கப் போவதே இல்லை. அந்த உயரத்தில் எவ்வளவு காற்று போனால் உங்களுக்கென்ன?

கணக்கைப் பாருங்கள். வால்வு 0.200 அங்குலம் எழும்பியிருக்கும்போது காற்று நுழைகிற இடைவெளி வால்வைச் சுற்றியுள்ள வளையம்தான். விட்டம் 1.94, பை மடங்கு, 0.200 மடங்கு: 1.22 சதுர அங்குலம். அதற்குக் கீழே இருக்கிற தொண்டை ஏறக்குறைய 2 சதுர அங்குலம். ஆக நெரிசல் வால்வு விளிம்பிலும் சீட்டிலும் இருக்கிறது; போர்ட்டில் இல்லை. வால்வு 0.390-ஐ ஒரு கணம்தான் தொடுகிறது. 0.200-ஐயோ ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை கடக்கிறது. அதனால் ஸ்டாக் ஹெட்டில் குதிரைத்திறன் ஒளிந்திருக்கிற இடம் சீட்டின் அகலம், அதற்கு மேலும் கீழும் வெட்டுகிற கோணங்கள், வால்வின் பின்புற வடிவம் ஆகியவை. 45 டிகிரி சீட், மேலே 30, கீழே 60 என்பது பழைய பாடம். இன்றைய ஆட்கள் அதை இன்னும் நுணுக்கிக்கொண்டே போகிறார்கள். பான்டியாக் எஞ்சினியர்கள் இன்டேக் சீட்டையே 30 டிகிரியாக வைத்தார்கள். கேம் குறைவாகத் தூக்கும்போது அது நன்றாக வேலை செய்கிறது, பான்டியாக்காரர்கள் அதைச் சொல்லிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதில் நியாயம் உண்டு.

ஹெட் வாங்கும்போது ஃப்ளோ தாள் காட்டினால் 0.100, 0.200, 0.300 வரிசைகளை மட்டும் பாருங்கள். எத்தனை அங்குல நீர் அழுத்தத்தில் எடுத்தது என்றும் கேளுங்கள். 10 அங்குலத்தில் எடுத்த எண்ணும் 28 அங்குலத்தில் எடுத்த எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்காது, முன்னதை 1.67-ஆல் பெருக்கினால்தான் பின்னதோடு ஒப்பிட முடியும். தெரிந்தே கலந்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது எரிகலன் அளவு. 350-க்கு போர் 4.00 அங்குலம், ஸ்ட்ரோக் 3.48. ஒரு சிலிண்டர் ஏறக்குறைய 717 சிசி. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது பிளாக்கின் டெக்கிலிருந்து 0.025 அங்குலம் கீழே இருக்கிறது, அது 5 சிசி. பிஸ்டன் தலையில் வால்வுக்காக வெட்டிய குழிகள் இன்னொரு 5. கேஸ்கெட் 0.040 அங்குலக் கனம் என்றால் 8.6 சிசி. இதோடு 64 சிசி எரிகலன் சேர்ந்தால் அமுக்க விகிதம் 9.65 வரும். புரோஷரில் 10.25 என்று போட்டிருந்தார்களே என்கிறீர்களா? தொழிற்சாலையில் போட்டது 0.018 அங்குலத்து மெல்லிய எஃகு கேஸ்கெட். அதை வைத்துக் கணக்குப் போட்டால் 10.2-ஐ நெருங்கிவிடும். ஹெட்டில் கை வைக்காமல், கேஸ்கெட்டை மாற்றியதிலேயே அரைப் புள்ளி. 1971-க்கு அப்புறம் வந்த 76 சிசி ஹெட்டை அதே 0.040 கேஸ்கெட்டோடு போட்டால் 8.6-க்கு இறங்கிவிடுகிறது. தெருக் கார்க்காரர்கள் 305 எஞ்சினின் 416 ஹெட்டை 350-இல் போடுகிற ரகசியமும் இதுதான். அதன் எரிகலன் 58 சிசி, விகிதம் 10.3-ஐத் தாண்டும். வால்வு சின்னது, 1.84. பிராக்கெட்டுக்கு மலிவான வித்தை, உங்கள் வகுப்புக்கு உதவாது.

சிசி அளப்பதை மெஷின் ஷாப்பில் மட்டும் விட்டுவிடாதீர்கள், நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். ஹெட்டைக் குப்புறப் போட்டு மட்டம் பார்த்து, வால்வையும் பிளக்கையும் மாட்டி, எரிகலன் ஓரத்தில் கிரீஸ் தடவி, துளையிட்ட அக்ரிலிக் தகட்டை அமுக்குங்கள். பியூரெட்டிலிருந்து நிறம் கலந்த திரவத்தை அந்தத் துளை வழியாக விடுங்கள். கடைசிக் காற்றுக் குமிழி துளைக்கு வந்து வெளியேறும் இடத்தில் நிறுத்திப் படியுங்கள். எட்டு எரிகலனும் ஒரே அளவாக இருக்காது. தாளில் எழுதிய குறைந்தபட்சத்தைவிட எந்த ஒன்றும் கீழே போகக் கூடாது. அந்த எல்லைக்கு மேலே, எட்டும் கூடியமட்டும் அதை ஒட்டி இருக்க வேண்டும். ஹெட்டின் முகத்தைச் சீவினால் ஏறக்குறைய 0.006 அங்குலத்துக்கு ஒரு சிசி குறையும். முன்னால் யாரோ ஏற்கெனவே சீவி எல்லையைத் தாண்டிவிட்ட ஹெட்கள் சந்தையில் ஏராளம். வாங்குவதற்கு முன் ஒரு எரிகலனையாவது அளந்து பாருங்கள். அதிகம் சீவிய ஹெட்டில் இன்டேக் முகமும் இறங்கிப் போயிருக்கும், மேனிஃபோல்டு துளையும் போல்ட்டும் நேர்கோட்டில் நிற்காது. அதைச் சரிசெய்ய அந்த முகத்தையும் சீவ வேண்டும். செலவுக்கு மேல் செலவு.

வெடிப்பைப் பற்றிப் பேசாமல் இரும்பு ஹெட்டைப் பற்றிப் பேச முடியாது. எழுபதுகளின் நடுவில் வந்த 882 காஸ்டிங் மெல்லியது, ஒரு முறை நன்றாகச் சூடேறினால் வெடிக்கிறது என்று பெயரெடுத்தது. வோர்டெக்கிலும் இன்டேக் சீட்டுக்கும் எக்ஸாஸ்ட் சீட்டுக்கும் நடுவே மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடும். கண்ணுக்குத் தெரியாது. மேக்னஃப்ளக்ஸ் பண்ணினால் தெரியும். மின்காந்தத்தின் இரண்டு காலையும் சீட்டின் இருபுறமும் வைத்து, இரும்புத் தூளை லேசாக ஊதுவார்கள். வெடிப்பு இருக்கிற இடத்தில் தூள் ஒரு கோடாக வந்து ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஊதினாலும் அந்தக் கோடு போகாது. அலுமினியத்தில் இந்தச் சோதனை வேலை செய்யாது. இரும்பின் சலுகை இது. அதோடு பிரஷர் டெஸ்டும் செய்யச் சொல்லுங்கள். பழைய ஹெட் என்றால் இந்த இரண்டும் தேறும்வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். 'வெல்டு வைத்துக்கலாம்' என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். வார்ப்பிரும்பை வெல்டு செய்வது முன்கூட்டிச் சூடாக்கி, நிக்கல் ராடு போட்டு, மெதுவாக ஆறவிட்டு நிதானமாகச் செய்கிற வேலை. தைரியமாகச் செய்கிறவர்கள் அநேகம், சரியாகச் செய்கிறவர்கள் கொஞ்சம்.

காரீயம் போன பெட்ரோலுக்காகக் கடினப்படுத்திய எக்ஸாஸ்ட் சீட் போட வேண்டுமா என்றும் கேட்கிறீர்கள். தெருவில் தினமும் ஓட்டுகிற காருக்குச் சரி. கால் மைல் ஓடிவிட்டு ட்ரெய்லரில் ஏறுகிற காருக்கு நான் போடச் சொல்வதில்லை. மெல்லிய காஸ்டிங்கில் சீட்டுக்காகக் குழி வெட்டும்போது கத்தி தண்ணீர் ஜாக்கெட்டுக்குள் இறங்கிவிட்டால் ஹெட் போச்சு.

இனி நான் உங்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே உருப்படியான ரகசியம். ஒரே காஸ்டிங் எண், ஒரே மாதத் தேதி, ஆனாலும் இரண்டு ஹெட்கள் ஒன்றாக இருக்காது. வார்க்கும்போது மணல் கோர் கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஒன்றில் புஷ்ராட் பக்கச் சுவர் தடித்துப் போர்ட் குறுகியிருக்கும், இன்னொன்றில் போர்ட் கன அளவு ஓரிரு சிசி கூடியிருக்கும். விதிப்படி போர்ட்டுக்குள் கிரைண்டர், பாலிஷ், வெல்டு, எப்பாக்சி எதுவும் போகக் கூடாது. ஆனால் பத்து ஹெட்டில் எது நல்ல ஹெட் என்று பொறுக்குவதை எந்த விதியும் தடுக்கவில்லை. ஸ்டாக்கில் வருஷக்கணக்காக முன்னால் நிற்கிறவர்களின் கராஜில் அலமாரி நிறைய ஒரே எண்ணுள்ள ஹெட்கள் அடுக்கியிருப்பது அதற்குத்தான். நமக்கு அவ்வளவு வசதி இல்லை. இருந்தாலும் ஒரு ஜோடி வாங்கப் போகிற இடத்தில் நான்கு இருந்தால் நான்கையும் அளந்துவிட்டு இரண்டை எடுங்கள்.

கள்ள வழிகளையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமிலத்தில் ஊறவைத்துச் சுவரைக் கரைப்பது, உராய்வுக் களிம்பைப் போர்ட் வழியாக அழுத்தித் தள்ளுவது, அப்புறம் மணல் அடித்துப் பழைய சொரசொரப்பைத் திரும்பக் கொண்டுவருவது. சோதனை அதிகாரிகள் இதையெல்லாம் நம்மைவிட அதிகம் பார்த்தவர்கள். வார்ப்பின் தோல் எப்படி இருக்கும், அச்சு இணைந்த கோடு எங்கே ஓடும் என்று அவர்கள் விரல் நுனிக்குத் தெரியும். எனக்கு இதில் அறவுரை சொல்ல ஆசையில்லை. ஒன்று மட்டும்: இரும்பு ஹெட் வகுப்பில் கள்ளம் பண்ணி ஜெயிப்பதைவிட அலுமினிய ஹெட் போட்டு பிராக்கெட்டில் ஜெயிப்பது எல்லா வகையிலும் மலிவு.

தெரியாமல் கள்ளம் ஆகிவிடுவதுதான் உங்களுக்கு உண்மையான ஆபத்து. சமீபத்தில் என் பெஞ்சுக்கு ஒரு ஜோடி 186 வந்தது. நல்ல காஸ்டிங், வெடிப்பு இல்லை, 1.94 வால்வு, சிசியும் சரி. டார்ச்சை அடித்துச் சீட்டுக்குக் கீழே பார்த்தால் கிண்ணத்தைச் சுற்றிலும் பளபளவென்று ஒரு வளையம். வார்ப்பின் தோல் போய், கிரைண்டர் கல்லின் கோடு தெரிகிறது. உரிமையாளர் தமிழ்ப் பையன், பதறிப் போய்விட்டான். வால்வு வேலைக்கு வேறொரு கடையில் கொடுத்திருக்கிறான். அவர்கள் 'ஓசியிலேயே' கிண்ணத்தை இழைத்துக் கொடுத்திருக்கிறார்கள். தெருக் காருக்கு அது உபகாரம். ஸ்டாக்குக்கு அந்த ஜோடி அத்தோடு முடிந்தது. இரண்டு பேர் மேலும் தப்பில்லை, வாயைத் திறந்து சொல்லாததுதான் தப்பு. ஆகவே, எந்த மெஷின் ஷாப்பில் கொடுத்தாலும் என்ன வகுப்பு, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி ஹெட்டிலேயே கம்பி போட்டுக் கட்டிக் கொடுங்கள். சீட் வெட்டும் கத்தி எதுவரை இறங்கலாம் என்று விதிப்புத்தகத்தைப் பார்த்து அதே தாளில் குறியுங்கள். எங்கள் கடைக்குக் கொடுத்தாலும் அப்படியே செய்யுங்கள்.

மற்ற கம்பெனிக்காரர்களுக்கு ஓரிரு வார்த்தை. ஃபோர்டு 302 வைத்திருக்கிறவர்கள் ஜிடி40 ஹெட்டைத் தேடுகிறீர்கள். முனையில் மூன்று கோடு இருந்தால் ஜிடி40, நான்கு இருந்தால் 1997-இலிருந்து எக்ஸ்புளோரரில் வந்த ஜிடி40பி. 'பி' நன்றாகவே ஓடும், ஆனால் பிளக் நிற்கிற கோணம் வேறு. சாதாரண ஹெடர் குழாய் பிளக் ஒயரைப் பொசுக்கிவிடும். வகுப்பில் செல்லுமா என்பது வழக்கம்போல் உங்கள் காரின் வருஷத்தைப் பொறுத்தது. 351 கிளீவ்லண்டின் 4வி ஹெட்டில் இன்டேக் வால்வு 2.19 அங்குலம், போர்ட்டுக்குள் கையை விடலாம் போலிருக்கும். பார்த்து மயங்காத ஆள் இல்லை. குறைந்த வேகத்தில் காற்று அதில் சோம்பி நடக்கும், அதனால் கியரையும் கன்வர்ட்டரையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும். கிரைஸ்லர் 340-இன் 'எக்ஸ்' ஹெட்டில் 2.02, 1.60 வால்வுகள். அங்கேயும் 1.88 வால்வோடு பிறந்த ஹெட்டை 2.02-க்கு வெட்டியிருப்பார்கள், அளந்து வாங்குங்கள்.

'இவ்வளவு பாடுபட்டு ஏன் இரும்பு?' என்று வீட்டில் கேட்பார்கள். இரும்பு ஹெட் ஒன்று இருபது கிலோவுக்குப் பக்கத்தில் வரும், அலுமினியம் அதில் பாதிதான். அலுமினியம் எரிகலன் சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடுவதால் கொஞ்சம் கூடுதல் அமுக்க விகிதத்தையும் தாங்கும். இதையெல்லாம் ஒப்புக்கொள்ளுங்கள், வாதாடாதீர்கள். ஆனால் ஸ்டாக்கில் ஒரே உட்பிரிவுக் கார்கள் இரண்டு எதிரெதிரே வந்தால் ஹேண்டிகேப் கிடையாது. இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும், முன்னால் போனவன் ஜெயித்தான். எதிரில் நிற்பவனும் உங்களைப் போலவே இரும்பு ஹெட், குறைந்த தூக்கு, தொழிற்சாலை கார்புரேட்டர் என்றுதான் வந்திருப்பான். அந்த ஓட்டத்தில் நூறில் ஒரு பங்கு வினாடி உங்கள் வால்வு சீட்டிலிருந்து வந்தது என்று தெரியும்போது ஏற்படுகிற திருப்தியை அலுமினிய ஹெட் வாங்கிப் பூட்டி நான் அடைந்ததில்லை. இது என் கிறுக்கு. உங்களுக்கும் தொற்றியிருப்பதால்தான் எழுதுகிறேன்.

வகுப்பில் ஜெயித்தால் எஞ்சினைப் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். இண்டியானாபோலிஸில் யு.எஸ். நேஷனல்ஸ் சமயத்தில் அப்படிப் பிரித்துச் சோதிக்கிற கொட்டகையைப் போய்ப் பாருங்கள், ஓடாவிட்டாலும் பார்க்கலாம். ஹெட்டை இறக்குவார்கள், சிசி அளப்பார்கள், கேம் தூக்கைப் பார்ப்பார்கள், போரும் ஸ்ட்ரோக்கும் அளப்பார்கள். உங்கள் சொந்த பியூரெட்டில் எடுத்த எட்டு அளவுகளையும் எழுதி வைத்திருங்கள். அவர்கள் அளவும் உங்கள் அளவும் வித்தியாசப்பட்டால் எங்கே என்று அப்போதே தெரிந்துவிடும். புது ஹெட் கேஸ்கெட் ஒரு ஜோடியும் ட்ரெய்லரில் இருக்கட்டும். மறுநாள் ஓட வேண்டியிருக்கும்.

இனி எனக்கு எழுதுகிறவர்கள் ஃப்ளோ தாளை அனுப்ப வேண்டாம். காஸ்டிங் எண், தேதி, எரிகலன், சீட்டுக்குக் கீழே கிண்ணம் ஆகிய நான்கையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். காரின் வருஷமும் எஞ்சினின் குதிரைத்திறனும் முதல் வரியில் இருக்கட்டும். பணம் கொடுப்பதற்கு முன்னால் அனுப்புங்கள்.

அன்புடன்,
இண்டியானாவிலிருந்து உங்கள் ஹெட்காரன்